நிறுவனரே முதல்வர், அவரே குழுத் தலைவர்: சிறப்புப் பள்ளி நிர்வாகக் குழுவில் ஒரு பெற்றோர் என்ன செய்ய முடியும்?

மழலைமொழி (கேள்வி)

என் மகனுக்குப் பதினோரு வயது, ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. அவன் படிப்பது நாற்பது பிள்ளைகள் மட்டுமே இருக்கும் ஒரு சிறிய சிறப்புப் பள்ளி. மற்ற பள்ளிகள் எல்லாம் கைவிரித்தபோது இவர்கள்தான் சேர்த்துக்கொண்டார்கள். தானாகக் கழிப்பறைக்குப் போவதும், படப் பலகையில் தண்ணீர் படத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்பதும் அங்கே போய்த்தான் அவனுக்கு வந்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் என்னை நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாகச் சேர்த்தார்கள். பள்ளியை ஆரம்பித்த மேடம்தான் முதல்வர், குழுவுக்குத் தலைவரும் அவரே. கணவர் பொருளாளர். கட்டடம் அவர்களுடையது, பள்ளி அவர்களுக்கு வாடகை கொடுக்கிறது. மற்ற இரண்டு உறுப்பினர்கள் நீண்டகாலக் குடும்ப நண்பர்கள். முதல் கூட்டத்துக்குப் போனேன், அஜெண்டா எதுவும் முன்னாடி வரவில்லை, ஒரு பக்கக் கணக்கைப் பொருளாளர் வாசித்தார், "எல்லோருக்கும் சம்மதம்தானே" என்றார், மினிட்ஸ் (கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும்) புத்தகம் சுற்றி வந்தது. என் கைக்கு வந்தபோது பார்த்தால் தேதி மட்டும் மேலே இருக்கிறது, நடுவில் முழுக்க வெற்று இடம், கீழே மூன்று கையெழுத்து. "நாங்கள் அப்புறம் எழுதிக்கொள்கிறோம், நீங்கள் போடுங்கள்" என்றார்கள். எழுதிய பிறகு படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். யாரும் கோபப்படவில்லை, ஆனால் அதன்பிறகு யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இன்னொன்று இதைவிட உறுத்துகிறது. தாழ்வாரக் கோடியில் "அமைதி அறை" என்று ஒன்று. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. கதவின் உட்பக்கம், ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், பெயின்ட் சுரண்டிப் போயிருக்கிறது. கேட்டதற்கு, தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக, சில நிமிடம்தான் என்றார் மேடம். யாரை, எப்போது, எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கும் நோட்டு எதுவும் இல்லை. என் மகன் அந்த அறைக்குள் இருந்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது, அவனால் சொல்லவும் முடியாது.

ஒரே கல்வியாண்டில் அவனுடைய வகுப்பாசிரியர் மூன்று தடவை மாறினார். மற்ற பெற்றோரிடம் பேச்செடுத்தால், "அவங்களைக் கேள்வி கேட்டா நம்ம பிள்ளைக்கு இடம் போயிடும்" என்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. பள்ளி மூடினால் இந்த நாற்பது பிள்ளைகளும் வீட்டுக்குள் முடங்குவார்கள். பள்ளியை உடைக்காமல் தலைமையைப் பொறுப்பாக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கணக்குப்பிள்ளை

வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டீர்களே, அதுதான் சரியான தொடக்கம். தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பல வருடமாகத் தணிக்கை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் பள்ளியின் பதிவு ஆவணத்தின் நகல் கேளுங்கள். அறக்கட்டளையோ சங்கமோ லாப நோக்கற்ற நிறுவனமோ, எந்த வடிவில் பதிவு செய்திருந்தாலும் விதிமுறை என்று ஒன்று இருக்கும். தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை வருடப் பதவி, கூட்டத்துக்கு எத்தனை நாள் முன் அறிவிப்பு, குறைந்தது எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் (கோரம்) என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான சிறிய பள்ளிகளில் பதிவு செய்த நாளுக்குப் பிறகு அதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். குழு உறுப்பினராக அதைக் கேட்பது உங்கள் உரிமை, அதில் யாரையும் குற்றம் சொல்வது எதுவும் இல்லை.

அடுத்து, முதல்வரும் தலைவரும் ஒருவரே என்பது. இதில் மேடம் நேர்மையானவரா என்பது கேள்வியே இல்லை. குழுவுக்கு இருக்கும் மிகப் பெரிய வேலை முதல்வரை நியமிப்பதும், அவர் வேலையை வருடா வருடம் மதிப்பிடுவதும், தேவைப்பட்டால் மாற்றுவதும்தான். இங்கே அதைச் செய்ய வேண்டியவரே மதிப்பிடப்பட வேண்டியவராகவும் இருக்கிறார். ஒரு ஆசிரியை முதல்வர் மேல் புகார் கொடுத்தால் அந்தக் கடிதம் யார் மேசைக்குப் போகும்? முதல்வர் மேசைக்கே. அவர் முதல்வராகவே தொடரட்டும், தலைமையை வெளியாள் ஒருவர் எடுக்கட்டும். நிறுவனரைக் கழற்றிவிட வேண்டியதில்லை, குழுவில் ஓட்டு இல்லாத உறுப்பினராக உட்காரலாம், அவருக்குத் தெரிந்த அளவு பள்ளியைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது.

வாடகை விஷயம். தன் கட்டடத்தைத் தன் பள்ளிக்கு வாடகைக்கு விடுவது தானாகத் தப்பாகிவிடாது. பல சிறப்புப் பள்ளிகள் நிறுவனரின் சொந்த வீட்டு முன்னறையில் தொடங்கியவைதான். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அக்கம்பக்க வாடகையோடு ஒப்பிட்ட தாள் ஒன்று கோப்பில் வேண்டும், அந்தத் தீர்மானம் எடுக்கும்போது சம்பந்தப்பட்ட இருவரும் அறையை விட்டு வெளியே போக வேண்டும், அவர்கள் வெளியே போனார்கள், ஓட்டுப் போடவில்லை என்பது மினிட்ஸில் ஏற வேண்டும், தணிக்கை அறிக்கையிலும் இந்த உறவு சொல்லப்பட வேண்டும். இதில் உங்களுக்கு உள்ள நடைமுறைச் சிக்கல், அவர்கள் இருவரும் வெளியே போனால் மிச்சம் இருப்பது இரண்டு குடும்ப நண்பர்களும் நீங்களும். அதனால்தான் குழுவில் உறவும் நட்பும் இல்லாதவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும். இரண்டு பேர் வந்தால்கூடக் கூட்டத்தின் பேச்சே மாறிவிடும்.

பணத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது திருட்டை அல்ல, மாதக் கடைசி நெருக்கடியை. வேன் வாங்க என்று ஒருவர் நன்கொடை தருவார், அந்த மாதம் சம்பளத்துக்குக் குறையும், "அடுத்த மாதம் திருப்பிப் போட்டுவிடலாம்" என்று எடுப்பார்கள், அந்த அடுத்த மாதம் வராது. ஒரு காரணத்துக்காக வந்த பணம் தனியாகக் காட்டப்பட வேண்டும். காசோலையில் இரண்டு கையெழுத்து, இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்கக் கூடாது. வாசிக்கும் கணக்கோடு வங்கி அறிக்கையையும் மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024 அறிக்கையில் பார்த்த வழக்குகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் தகவல் சொன்னதால்தான் வெளியே வந்தது, அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் தந்தவை. தணிக்கை ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால், தணிக்கை செய்கிறவனாகச் சொல்கிறேன், போதாது. ஊழியர் பயமில்லாமல் வாய் திறக்க ஒரு வழி வேண்டும்.

கூட்டத்தில் முதல் கேள்வியாக இதையெல்லாம் வைக்காதீர்கள். "மேடத்துக்கு நாளைக்கே ஒரு ஆபரேஷன் என்று ஆறு வாரம் படுத்துவிட்டால் சம்பளத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது, பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் பட்டியல் யாரிடம் இருக்கிறது, கட்டணம் நின்றால் எத்தனை மாதம் தாங்குவோம்?" என்று கேளுங்கள். அதை எந்த நிறுவனரும் தன் மேல் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவரே ராத்திரி தூக்கம் வராமல் யோசிக்கிற விஷயம் அது. அதற்குப் பதில் தேடும்போது இரண்டாவது கையெழுத்து, எழுத்தில் நடைமுறை, வெளி உறுப்பினர் எல்லாம் தானாக மேசைக்கு வரும்.

வடக்குவாசல்

இவ்வளவு தலைவலி எதுக்கு? பிள்ளையை வேற பள்ளிக்கு மாத்திடுங்க. சந்தேகம் வந்த இடத்துல விடக்கூடாது.

பழைய ஸ்பெஷல் டீச்சர்

வேறு பள்ளி கிடைக்காது என்று அவர் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். அப்படியே கிடைத்தாலும், அந்த அறை அங்கேயேதான் இருக்கும், மிச்சம் முப்பத்தொன்பது பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள்.

சகோதரி, கணக்குப்பிள்ளை சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த அறையைப் பற்றிய பேச்சு கூட்டம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தாழ்ப்பாளை இந்த வாரமே கழற்றச் சொல்லுங்கள். அமைதி அறை என்பது பிள்ளை தானாகப் போய், தானாக வெளியே வரக்கூடிய இடம், மங்கலான வெளிச்சமும் மெத்தையும் இருக்கும், கூடவே ஒரு பெரியவர் இருப்பார். வெளியே தாழ்ப்பாள் போட்டால் அதன் பெயர் அடைப்பு. அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஒன்றுதான். 2009ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பள்ளிகளில் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்து அடக்குவதையும் தனியறையில் அடைப்பதையும் பற்றி ஆராய்ந்து, முந்தைய இருபது வருடங்களில் கொடுமை, மரணம் என்று நூற்றுக்கணக்கான குற்றச்சாட்டுகளைக் கண்டது. அநேகமாக எல்லாமே மாற்றுத்திறன் பிள்ளைகள் சம்பந்தப்பட்டவை.

நோட்டு இல்லை என்கிறீர்களே, அதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம் போதும். அதற்கு முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, யார் கூட இருந்தார், உடம்பில் ஏதாவது காயம் உண்டா, அன்றைக்கே வீட்டுக்குச் சொன்னார்களா. மாதம் ஒருமுறை அந்தச் சம்பவத்தில் இல்லாத ஒருவர் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படி எழுத ஆரம்பித்தோம். ஒரு பையன், எந்த நேரமும் முரடு என்று பெயர் வாங்கியவன். பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவன் தலையை மோதிக்கொள்வது பெரும்பாலும் சாப்பாட்டு மணிக்கு முந்தைய அரை மணி நேரத்தில். அந்த நேரத்தில்தான் பக்கத்து ஹாலில் இரும்பு மேசைகளைத் தரையில் இழுத்துப் போடுவார்கள். மேசைகளைக் காலையிலேயே போட்டு வைக்கச் சொன்னோம். அவன் முழுக்க மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த அரை மணி நேரம் மாறியது. எழுதாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் அவனைத்தான் திருத்திக்கொண்டிருப்போம்.

ஆசிரியர்கள் ஏன் சொல்லாமல் போகிறார்கள் என்பதையும் சொல்கிறேன். சின்னப் பள்ளியில் முதல்வரைப் பற்றி முதல்வரிடம்தான் சொல்ல முடியும். அனுபவச் சான்றிதழும் அவர் கையில்தான் இருக்கிறது. இந்தத் துறை மிகச் சிறியது, அடுத்த வேலைக்குப் போனால் அங்கிருந்து இவருக்குத்தான் போன் வரும். அதனால் "வீட்டில் சூழ்நிலை சரியில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். வேலையை விடும் ஒவ்வொருவரிடமும் குழு உறுப்பினர் ஒருவர், முதல்வர் இல்லாமல், அரை மணி நேரம் பேச வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பைசா செலவில்லை. இதைவிட உண்மையைக் கொண்டுவரும் வேறு வழி எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்திடம் சொன்னார், கண்காணிப்பு அமைப்பிடமும் சொன்னார், யாரும் அசையவில்லை. 2011ல் பிபிசி ரகசியக் கேமராவில் எடுத்து ஒளிபரப்பிய பிறகுதான் இடம் மூடப்பட்டது, அடுத்த வருடம் ஊழியர்கள் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் உள்ளே இருந்து ஒருவர் சொன்னார், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்ற பகுதி எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

இன்னொரு சின்ன விஷயம், ஐ.இ.பி. கோப்புகள். பிள்ளைக்கென்று தனியாகப் போடும் கல்வித் திட்டம் என்று பெயர், திறந்தால் போன வருடத்துத் தாளின் நகல், ஒரு பிள்ளையின் தாளுக்குள் இன்னொரு பிள்ளையின் பெயரைக்கூடப் பார்த்திருக்கிறேன். குழு ஒவ்வொரு கோப்பையும் படிக்கக் கூடாது, அது பிள்ளைகளின் அந்தரங்கம். ஆனால் எத்தனை திட்டங்கள் இந்த வருடம் பெற்றோரோடு உட்கார்ந்து திருத்தப்பட்டன, எத்தனை இலக்குகள் நிறைவேறின என்ற எண்ணிக்கையை முதல்வரிடம் கேட்கலாம்.

ஒரு முதல்வர்

நானும் இப்படி ஒரு சின்னப் பள்ளியை நடத்துகிறவள்தான். இந்தத் திரியைப் படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் அறை விஷயத்தில் டீச்சர் சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. தாழ்ப்பாள் போக வேண்டும். அதில் இரண்டு பேச்சு கிடையாது.

ஆனால் மறுபக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஆயா வரவில்லை என்றால் டயப்பர் மாற்றுவது முதல்வர்தான். ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு "பையனுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு மேடம்" என்று போன் வந்தால் எடுப்பதும் முதல்வர்தான். கட்டணம் மாதக்கணக்கில் பாக்கி வைக்கும் பெற்றோரிடம் கேட்கவும் முடியாது, பிள்ளையை நிறுத்தவும் மனசு வராது. குழு என்று பெயரளவில் இருப்பவர்கள் ஆண்டு விழா மேடைக்கு வருவார்கள், கணக்கில் கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். நம்பிக்கை வைத்துத்தான் எதையும் கேட்பதில்லை என்பார்கள். பத்து வருடம் அப்படி இருந்த பிறகு சொல்கிறேன், அதை நான் நம்பிக்கை என்று எண்ணவில்லை, என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்றுதான் எண்ணினேன். எல்லா முடிவையும் ஒரே ஆள் எடுக்கும் இடத்தில், அந்த ஆள் களைத்துப்போன அன்றைக்குத்தான் தாழ்ப்பாள் போடப்படுகிறது. இது சமாதானம் இல்லை, அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் வெளியாட்கள் வந்த பிறகு எனக்கே நிம்மதி. ஒரு உறுப்பினர் மாதம் ஒருநாள் சொல்லாமல் வருவார், வகுப்பில் உட்காருவார், சாப்பாட்டு நேரம் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார். ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு செல்வாக்கான ஆள் தன் சொந்தக்காரப் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி நெருக்கினார், வகுப்பில் ஏற்கெனவே ஆசிரியருக்குக் கைகொள்ளாத அளவு பிள்ளைகள். "குழுவின் தீர்மானம் இருக்கிறது, என்னால் மீற முடியாது" என்று சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வழியே இருந்ததில்லை.

மழலைமொழிக்கு இரண்டு வேண்டுகோள். குழு நாற்காலியில் உட்காரும்போது நீங்கள் நாற்பது பிள்ளைகளுக்காகவும் உட்காருகிறீர்கள். உங்கள் மகனுக்கு எந்த ஆசிரியர், அவனுக்கு ஸ்பீச் தெரபி ஏன் குறைந்தது என்பதை அங்கே பேசாதீர்கள், அதற்குப் பெற்றோராக வேறு நேரம் கேளுங்கள். மற்ற பிள்ளைகளைப் பற்றி அங்கே காதில் விழுவதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அப்புறம், இணையத்திலிருந்து இருபது கொள்கை ஆவணங்களை இறக்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். சின்னப் பள்ளியில் அதை நிரப்புவதும் வகுப்பு எடுப்பதும் ஒரே ஆசிரியைதான். பிள்ளைப் பாதுகாப்பு, புகார், பணம், இந்த மூன்றுக்கும் தலா ஒரு பக்கம் எழுத்தில் இருந்தால் போதும், ஆனால் அந்த மூன்று பக்கமும் நிஜமாக நடக்க வேண்டும்.

சக்கரநாற்காலி

எல்லோரும் பெரியவர்கள் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் இல்லாத நிலை), சிறப்புப் பள்ளியில் படித்து வளர்ந்தவன், இப்போது வேலை பார்க்கிறேன். நான் பேசினால் புரிய நேரம் எடுக்கும், டைப் செய்வதும் மெதுவாகத்தான், அதனால் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கும் நிர்வாகக் குழு வரும். அன்றைக்கு எங்களுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, பாட்டுப் பாட வைப்பார்கள். தலையில் தட்டிக் கொடுப்பார்கள். "ஸ்கூல் பிடிச்சிருக்கா" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறந்து முதல் சொல்லைக் கோப்பதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள். கேள்வி கேட்டார்கள் என்று அவர்களுக்குக் கணக்கு. பதிலுக்குக் காத்திருந்த ஒரே ஆளைக்கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006ல் நிறைவேறியது. அதன் 16ஆம் பிரிவு எங்களுக்காக நடத்தப்படும் எல்லா இடங்களையும் திட்டங்களையும் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. 7ஆம் பிரிவு, பிள்ளைகள் தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல உரிமை உள்ளவர்கள், அதற்கு வேண்டிய உதவியும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்கிறது. இதெல்லாம் சும்மா எழுதி வைத்தது இல்லை. 2012ல் லான்செட் மருத்துவ இதழில் உலக சுகாதார நிறுவனத்தின் பங்களிப்போடு வந்த ஆய்வு, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, குறைபாடு உள்ள பிள்ளைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட 3.7 மடங்கு என்று கணக்கிட்டது.

அக்கா, உங்கள் மகனின் படப் பலகையை எடுத்துப் பாருங்கள். தண்ணீர், கழிப்பறை, பந்து, பிஸ்கட் இருக்கும். "வேண்டாம்" இருக்கிறதா? "வலிக்கிறது", "பயமாக இருக்கிறது", "அடித்தார்", "அடைத்தார்" இருக்கிறதா? உடம்புப் பாகங்களின் படம், முழு உடம்புக்கும், இருக்கிறதா? ஆசிரியர்களின் போட்டோ, அறைகளின் போட்டோ? பெரும்பாலான பலகைகளில் பெரியவர்களுக்கு வசதியான சொற்கள் மட்டும்தான் இருக்கும். கேட்க மட்டும் சொல் கொடுத்து, புகார் சொல்லச் சொல் கொடுக்காமல் விட்டால், அந்தப் பிள்ளை "அவனால் சொல்ல முடியாது" என்று பெயர் வாங்குகிறான். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியது, இந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளால் "இவர் என்னை வலிக்க வைத்தார்" என்று எந்த வழியிலாவது தெரிவிக்க முடியும் என்பது. அந்தச் சொற்களை மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் பிள்ளை கட்டுப்பாடு இழக்கும் நிலை) வரும் நேரத்தில் கற்றுக்கொடுக்க முடியாது, சாதாரண நாளில், விளையாட்டில், பொம்மைக்கு வலிக்கிறது என்று தொட்டுக் காட்டிப் பழக வேண்டும்.

குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்க வேண்டும். மேடையில் உட்கார வைக்க இல்லை, ஓட்டோடு. பழைய மாணவர் யாராவது கிடைப்பார்.

பழைய ஸ்பெஷல் டீச்சர்

தம்பி, பலகை பற்றி நீங்கள் எழுதியது எங்கள் பயிற்சி வகுப்பில்கூட யாரும் எனக்குச் சொல்லாதது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒரு பிள்ளை முதல்தடவை "வேண்டாம்" படத்தைத் தொடும்போது அதை மதிக்க வேண்டும். பல் துலக்க வேண்டாம் என்றாலும் ஒரு நிமிடமாவது நிறுத்த வேண்டும். தொட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால் அப்புறம் அந்தப் படத்தை அவன் தொடவே மாட்டான்.

மழலைமொழி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பலகையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன ஒரு சொல்கூட அதில் இல்லை. வீட்டில் "வேண்டாம்", "வலி" இரண்டையும் ஒட்டி ஆரம்பித்துவிட்டோம். அப்பா தலைவாரும்போது அவன் "வேண்டாம்" தொட்டான், இவர் சீப்பைக் கீழே வைத்தார், திரும்பவும் எடுத்தார், அவன் திரும்பவும் தொட்டான், அதை ஒரு விளையாட்டாகவே பிடித்துக்கொண்டான்.

மேடத்திடம் தாழ்ப்பாளைப் பற்றித் தனியாகப் பேசினேன். "யோசிக்கிறேன்" என்றார். கூட்டத்துக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. இரண்டு சந்தேகம். என் கேள்விகளை மினிட்ஸில் ஏற்ற மாட்டோம் என்று சொன்னால் என்ன செய்வது? எந்தக் கட்டத்தில் வெளியே, அரசுத் துறைக்குப் போக வேண்டும்?

கணக்குப்பிள்ளை

முதல் சந்தேகம். கூட்டத்தில் வாயால் கேட்காதீர்கள். விதிமுறையில் எத்தனை நாள் முன் அறிவிப்பு என்று இருக்கிறதோ அதற்கும் முன்னால், எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள், "கீழ்க்கண்டவற்றை அஜெண்டாவில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று. மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். முதல்வர் இல்லாத நாளுக்கான ஏற்பாடு, புதிய வெளி உறுப்பினர்கள் இருவர், சம்பவப் பதிவேடு. மின்னஞ்சலில் போனால் தேதியோடு இருக்கும், கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மினிட்ஸில் ஏற்றவில்லை என்றால், கூட்டம் முடிந்த ஓரிரு நாளில் "கூட்டத்தில் நான் எழுப்பியவை இவை, கிடைத்த பதில் இது, பதிவில் விடுபட்டிருப்பதால் தெரிவிக்கிறேன்" என்று எல்லோருக்கும் இன்னொரு கடிதம். ஒரு தீர்மானத்துக்கு நீங்கள் உடன்படவில்லை என்றால் உங்கள் எதிர்ப்பைப் பெயரோடு பதியச் சொல்லுங்கள். பின்னாளில் பிரச்சினை வந்தால், சும்மா இருந்த உறுப்பினரும் சம்மதித்தவராகத்தான் பார்க்கப்படுவார்.

அந்த இரண்டு குடும்ப நண்பர்களை எதிரிகளாக நினைக்காதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் தனித்தனியாகப் பேசுங்கள். அவர்கள் கையெழுத்தும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, பொறுப்பு அவர்களுக்கும் உண்டு என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. அதைப் பொறுமையாகச் சொன்னால் அவர்களே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது. பணமும் நடைமுறையும் முதலில் உள்ளேயே, ஒரு தேதி வைத்து. அடுத்த இரண்டு கூட்டத்துக்குள் நகரவில்லை என்றால் பதிவுத் துறைக்கு எழுதலாம். பிள்ளையின் உடம்புக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் இந்த வரிசையே கிடையாது. ஒரு காயம் பார்த்தாலோ, ஒரு பிள்ளை உள்ளே அடைக்கப்பட்டதை நேரில் பார்த்தாலோ, அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் போக வேண்டும், குழுவின் அனுமதி தேவையில்லை. சில நாடுகளில் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

தாழ்ப்பாளை மட்டும் இந்த அஜெண்டா கடிதத்தில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாக இரண்டே வரி எழுதி, நாளையே, முதல்வருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள், எந்தத் தேதிக்குள் கழற்றுவார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். கழற்றும் வரை அந்த அறையைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கட்டும்.